துரை வீட்டு வெள்ளிக் கரண்டிகள்

எங்கள் அலுமாரியின் அடித்தட்டில், அம்மாவின் கூறைச் சேலைக்குக் கீழே, ஆறு வெள்ளிக் கரண்டிகளும் ஒரு வெள்ளிச் சீனிக் கிண்ணமும் இருந்தன. கரண்டிக் காம்புகளில் ஒரு நங்கூரமும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் செதுக்கியிருக்கும். நத்தார்ப் பண்டிகைக்குக்கூட அவை வெளியே வந்ததில்லை.

நான் பிறப்பதற்கு முன் அப்பா ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு வெள்ளைக்காரக் கடற்படைத் துரையின் பங்களாவில் சமையற்காரராக இருந்தவர். துரை ஊரைவிட்டுப் போகிற கிழமை, நோனா என்று எல்லோரும் அழைத்த அவருடைய மனைவி, அவற்றை அப்பாவின் கையில் கொடுத்தாராம். வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு எட்டு வயதானபோது மாமா அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை இறக்கக்கண்டியில் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய தகப்பன் மீன்பிடிக்கிறவர்; முன்னொரு காலத்தில் அதே துரையின் பங்களாவில் மேசையில் பரிமாறும் வேலை பார்த்தவர். தெரிந்த ஆட்கள்தானே என்று மாமாவுக்கு மகிழ்ச்சி. அப்பா மட்டும் முதலில் மழை என்றார், பிறகு முழங்கால் நோ என்றார். அக்கா குசினி அடுப்படியில் கண்ணைத் துடைப்பதைக் கண்ட பிறகுதான் வரச்சொன்னார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் தகப்பனும் மகனும் வந்தார்கள். தகப்பன் மெலிந்து, வெயிலில் கறுத்திருந்தார். அப்பா வாசலுக்குப் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். பிடித்தபடியே உள்ளே கூட்டிவந்தார்.

அம்மா தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் பலகாரம் அடுக்கப் போனா. அந்த இடைவெளியில் என் மூளை வேலை செய்தது. ஒரே பங்களாவில் இருந்தவர். அந்தக் கரண்டிகளைக் கண்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார்! அலுமாரியைத் திறந்து எடுத்து, சட்டையில் தேய்த்துத் துடைத்து, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒன்று வைத்துத் தட்டத்தை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பையைத் தொடவில்லை. கரண்டியை எடுத்தார். பெருவிரலால் நங்கூரத்தைத் தடவினார்.

"இதைக் காணேல்லை எண்டுதானே அண்ணை, என்னைக் கள்ளனாக்கி அனுப்பினவங்கள்."

மாமா திடுக்கிட்டு எழும்பினார். அப்பா தட்டத்தை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"நோனாதான் தந்தவ, தம்பி. துரைக்குத் தெரியாமல் தந்தவ. உன்னை விசாரிக்கேக்க அவ சொல்லுவா எண்டு பாத்தனான். சொல்லேல்லை. நான் சொன்னால் ஆர் நம்பப்போகினம் எண்டு பயந்து நானும்..."

பலகாரத் தட்டோடு அம்மா கதவடியில் நின்றா. எனக்கு அடி நிச்சயம் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

வந்தவர் கரண்டியைத் தட்டத்தில் வைத்தார்.

"எனக்கு உது வேண்டாம். அண்டைக்கு இவனுக்குப் பதின்மூண்டு வயசு. கள்ளன்ர மகன் எண்டு பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணினவங்கள். இவனுக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்கோ, நான் எடுக்கேல்லை எண்டு."

அப்பா கதிரையைவிட்டு எழுந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்று கைகளைக் கட்டிக்கொண்டார்.

"மகன், உங்கட அப்பா ஒண்டும் எடுக்கேல்லை. வாய் திறக்காமல் இருந்தவன் நான்."

மாப்பிள்ளை தன் தகப்பனின் தோளில் கையை வைத்து, வைத்தபடியே இருந்தார். பிறகு தகப்பன்தான், "பொம்பிளைப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ, பாப்பம்" என்றார்.

தை மாதம் கலியாணம் நடந்தது. மாதா கோயிலில் இருந்து வந்து எல்லோரும் பந்தியில் இருந்தபோது, விருந்தை முழுவதும் தன் கையால் சமைத்த அப்பா நடுவில் வந்து நின்றார். ஒருவரும் கேட்காமலே, துரை வீட்டுக் கதையை முதலில் இருந்து சொன்னார். தான் சும்மா இருந்ததையும் விடவில்லை. சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது இந்தக் கதை எதற்கு என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் இலையில் வைத்த கையை எடுக்காமல், தலையைக் குனிந்து, கண்ணீர் வழிய இருந்தார். கறியில் உறைப்புக் கூடிப்போச்சு என்று நினைத்து, நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.