கொட்டாஞ்சேனை கம்பஸுக்கு நான் அடித்த சுவர்கள்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆனாலும் கொழும்பில் பதினொரு தனியார் கம்பஸ் கட்டியிருக்கிறேன். கட்டியது என்றால், கடைகளுக்கு மேலே கிடக்கும் வெறும் மாடியை ஜிப்சம் போர்டால் பிரித்து வகுப்பறை ஆக்கியது. பார்ட்டிஷன் வேலை என்று சொல்வோம். வெள்ளவத்தையில் சேலைக் கடைக்கு மேலே சட்டம் படிக்கிறவர்களும், பேக்கரிக்கு மேலே கம்பியூட்டர் படிக்கிறவர்களும் நான் நிறுத்திய சுவரில்தான் சாய்ந்துகொண்டு தூங்குகிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் பிழையாகச் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

1. இடம் தேடிய கூட்டம்

வெள்ளவத்தை கம்பஸ் நிரம்பி, லிஃப்டுக்கு முன்னாலும் வகுப்பு நடந்தது. டாக்டர் பட்டம் வாங்கிய டிரெக்டர் பிரபா சேர் இன்னொரு இடம் பிடிக்கக் கூட்டம் வைத்தார். அளவு சொல்வதற்கு என்னையும் கூப்பிட்டார்கள். கதிரை தந்தார்கள். கூச்சத்தில் நான் கதவோரம் நின்றேன்.

முதல் யோசனை, இருக்கிற கட்டிடத்துக்கு மேல் இன்னொரு மாடி. அங்கே தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, படிப்பு வேண்டுமா குளிப்பு வேண்டுமா என்று கட்டிடச் சொந்தக்காரர் கேட்டுவிட்டார். அடுத்தது வத்தளையில் ஒரு காணி. பாலத்து ட்ராஃபிக்கில் நிற்கும்போதே டிகிரி முடிந்துவிடும் என்றார் ஒரு லெக்சரர். பிறகு கொட்டாஞ்சேனையில் மாதா கோயில் மண்டபம். பாதருக்குச் சம்மதம். ஆனால் செத்த வீடு வந்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை.

"எங்கட சனம் டைம்டேபிள் பாத்துச் சாகாது சேர்" என்றார் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா.

கடைசியில், கொட்டாஞ்சேனையில் கட்டில், மேசை விற்று மூடிக் கிடந்த ஒரு தளபாடக் கடையின் மேல்மாடிதான் என்று முடிவானது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். என் மகள் டிலுக்ஷி ஏ.எல். பாஸ் பண்ணியும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஒஃபிஸில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வகுப்பு போய்விடும். கொட்டாஞ்சேனை என்றால் நடந்தே போகலாம். முதல் பெச்சில் பெயர் கொடுத்தாள். அரசாங்க இன்ஸ்பெக்ஷன் பாஸ் ஆனால்தான் அந்த பெச்சுக்கு வகுப்பு தொடங்கும்.

2. மூன்றா, ஐந்தா

அளந்து பார்த்தேன். மூன்று அறை ஒழுங்காக வரும். சேருக்கு ஐந்து வேண்டும்.

"மூண்டு ரூம் வச்சா டியூஷன் கிளாஸ் எண்டு சொல்லுவாங்கள். அஞ்சு இருந்தாத்தான் கம்பஸ். முதல்ல முழு மாடிக்கும் சீலிங்க அடிச்சுப்போட்டு, சுவரை அதுக்குக் கீழ நிப்பாட்டு. ரெண்டு கிழமையில முடியும். சத்தம் கித்தம் வராதுதானே?"

வரும். சுவரைக் கொங்கிரீட் தட்டு வரைக்கும் ஏற்றி, உள்ளே பஞ்சு அடைத்து, அதற்குப் பிறகுதான் சீலிங் அடிக்க வேண்டும். அந்தத் தடித்த சுவருக்கு இடம் விட்டால் மூன்று அறைதான். சீலிங்கை முதலில் அடித்தால் அதற்கு மேலே உள்ள வெற்றிடம் எல்லா அறைக்கும் பொது. ஒரு அறையில் ஏறும் சத்தம் அடுத்த அறையில் இறங்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். "ஓம் சேர்" என்றேன்.

வயரிங் வேலை செய்த நிஸாம் நானா ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சேர் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா ஓம் எண்டு செல்லிய? ஒனக்கு வாய் ஈக்கிதானே?"

"அவர் டாக்டர், நானா."

"என்ன டாக்டர்? ஏன்ட சொத்தப் பல்லக் காட்டினா மருந்து தருவாரா?"

நான் ஸ்குரூ முடுக்கப் போய்விட்டேன்.

3. மேடம் ஏணியில் ஏறினார்

இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு சிங்கள மேடம் ஃபைலோடு வந்தார். சேர் பெருமைக்காக, பெயர் கொடுத்த பிள்ளைகளைக் கூப்பிட்டு ஐந்து அறையிலும் ஒரே நேரத்தில் மாதிரி வகுப்பு வைத்தார். ஐந்து லெக்சரர்கள் ஒன்றாகக் கத்தியது அன்றுதான் முதல் தடவை. நான் கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் போடுகிற சாட்டில் டிலுக்ஷியின் வகுப்பு வாசலில் நின்றேன்.

மேடம் அந்த ஷிப்பிங் வகுப்பில் உட்கார்ந்தார். லெக்சரர் கேட்டார்: "கப்பல் துறைமுகத்துக்கு வந்த உடனே முதல்ல என்ன செய்யவேணும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் நர்சிங் டீச்சர் சொன்னார்: "முதல்ல கையக் கழுவவேணும்!"

லெக்சரர் குரலை உயர்த்தினார். "சாமான் இறக்கேக்க?"

"மூச்சு இருக்கா எண்டு பாக்கவேணும்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். "மொகத மே?" என்றார் மேடம், என்ன இது என்று. சேர் அசரவில்லை. எல்லாப் பாடங்களும் ஒன்றோடொன்று கலந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கொள்கை என்று விளக்கினார். மேடம் பேனா முனையால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

டிலுக்ஷி சிரிக்கவில்லை. அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எப்படிப் பேசினேன் என்று இன்றும் தெரியாது. சைட்டில் பழகிய சிங்களத்தில் சொன்னேன்: "மேடம், பிழை மேலே இருக்கிறது. நான்தான் அடித்தேன். தெரிந்தே அடித்தேன்." ஏணியை வைத்து ஒரு சீலிங் தட்டைக் கழற்றினேன். மேடம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, தலையை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் இடுப்புக்குக் கீழ்தான் தெரிந்தது. குரல் மட்டும் ஐந்து அறையிலும் கேட்டது.

"ஒழுங்காகச் செய்தால் எத்தனை அறை?"

"மூன்று, மேடம்."

"எத்தனை நாள்?"

"ஒன்பது."

சேர் வாயைத் திறந்தார். "மூன்று" என்றார் மேடம் மேலே இருந்தபடியே. இறங்கி வந்து, பத்து நாளில் திரும்ப வருவதாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

4. பத்தாம் நாள்

நாலு சுவரையும் கழற்றி, இரண்டு சுவரைக் கொங்கிரீட் தட்டு வரைக்கும் ஏற்றினேன். அந்த ஒன்பது நாளும் சேர் என்னோடு கதைத்தது ஒரே ஒரு வசனம்: "ரெண்டு கிளாஸச் சாகடிச்சுப்போட்டாய்."

மேடம் சொன்னபடி வந்தார். ஒரு அறையில் லெக்சரரைக் கத்தச் சொல்லிவிட்டு அடுத்த அறையில் காதை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. பாஸ். அடுத்த திங்கட்கிழமை டிலுக்ஷி வேலை முடிந்து நடந்தே வகுப்புக்குப் போனாள்.

ஆனால் சேர் சொன்னதும் பொய் இல்லை. நர்சிங் வகுப்புக்கும் கணக்கியல் வகுப்புக்கும் இங்கே இடம் இல்லாமல் போய், இரண்டும் வெள்ளவத்தையில் லிஃப்டுக்கு முன்னாலேயே நடக்கின்றன. மூன்றுக்கு மேல் வைத்தால் சத்தம் ஏறும் என்று நான் அளந்த அன்றே சொல்லியிருந்தால், அந்த இரண்டுக்கும் வேறு இடம் தேடியிருப்பார்கள். பிள்ளைகள் பெயர் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கூச்சப்படுகிற தொழிலாளிகளுக்குச் சொல்கிறேன். வாயைத் திறக்க அரை நிமிடம் போதும். சுவரைக் கழற்ற மூன்று நாள் போகும். நான் பேசாமல் இருந்த அரை நிமிடத்துக்காக, கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு வகுப்புப் பிள்ளைகள் இன்றும் வெள்ளவத்தை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்.