கால் பட்டால் தோல்வி

என் மாமனாருக்கு ஊர் நன்னிலம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும், பந்தியில் பாயசம் வருகிற நேரமாகப் பார்த்து, நாலு இலை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி விசாரிப்பார்.

"என்ன மாப்ளே, பிளாக் பெல்ட் வாங்கியாச்சா?"

"மாமா, கெண்டோவுல பெல்ட்டே கிடையாது."

"அதான் ஏன் இன்னும் தரலைங்கிறேன்?"

பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

கெண்டோ ஜப்பான்காரர்களின் வாள் சண்டை. நிஜ வாள் இல்லை, மூங்கில் வாள். தலைக்குக் கம்பி வைத்த முகமூடி, மார்புக்குக் கவசம், கைகளுக்குத் தலையணை மாதிரி உறை. கலர் கலராகப் பட்டை எதுவும் தரமாட்டார்கள். படிகள் மட்டும் உண்டு. அதில் முதல் படி என்று ஒன்று இருக்கிறது. கராத்தேக்காரர்களின் கறுப்புப் பட்டைக்குச் சமானம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் இரண்டு மூன்று வருஷத்தில் வாங்கிவிடலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. போட்ட ஆள் தஞ்சாவூரில் பயிற்சி செய்து பார்த்ததில்லை.

எங்கள் பயிற்சிக்கூடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முகூர்த்தம் இருந்தால் வகுப்பு கிடையாது. தை, வைகாசி, ஆவணி என்று ஊரே கல்யாணம் பண்ணிக்கொள்ளும் மாதங்களில் என் வாள் பீரோவுக்கு மேலே கிடக்கும். ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு நல்ல காலம். நல்ல காரியம் எதற்கும் ஆகாத மாதங்களில் மட்டுமே வளர்ந்த வீரன் நான். முகூர்த்தத்துக்கு மறுநாள் போனால் தரையில் எங்கேயாவது ரசம் சிந்தியிருக்கும். வெறுங்காலோடு பாய்ந்தால் கை கழுவும் தொட்டிவரை போய்த்தான் நிற்க முடியும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்கவே முடியாதது என் வலது கை.

கெண்டோவில் அடிக்கும்போது வலது காலைத் தரையில் ஓங்கி வைத்துப் பாய வேண்டும். எதிரே நிற்பவரும் பாய்வார். கால்மேல் கால் படத்தான் செய்யும். கண்டுகொள்ளக் கூடாது. நானோ, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பைமேல் கால் பட்டால்கூட, பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி. பெங்களூரில் நடந்த முதல் பரிட்சையில் எதிரே வாட்டசாட்டமாக ஒரு பையன். ஆரம்பித்ததும் என் கால் அவன் கால்மேல் விழுந்தது. மூளைக்குத் தகவல் போவதற்குள் என் வலது கை வாளை விட்டு, அவன் தோளைத் தொட்டு, என் கம்பி முகமூடியில் பயபக்தியோடு ஒற்றிக்கொண்டது. ஒற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் என் மண்டையில் ஒன்று போட்டான். ஜப்பானிலிருந்து பரிட்சை பார்க்க வந்திருந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பரிட்சையில் உஷாராக இருந்தேன். கால் பட்டது, கை கிளம்பியது, பாதி வழியில் பிடித்து நிறுத்திவிட்டேன். நிறுத்திய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. புது பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டுகிறவன் மாதிரி காற்றில் நீட்டிக்கொண்டு நின்றேன். அதிலும் தேறவில்லை.

எனக்குச் சொல்லித் தருபவர் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய கம்ப்யூட்டர் இளைஞர். என்னைவிட ரொம்பச் சின்னவர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், அங்க கால் பட்டா பாவம் கிடையாது சார்."

"எனக்குத் தெரியுது தம்பி. கைக்குத் தெரியலையே."

"கைய வாளோட சேத்துக் கட்டிரலாமா?"

கிண்டல் செய்தாரா, யோசனை சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதற்கிடையே வீட்டில் வேறு பஞ்சாயத்து. நம் ஊர் வெக்கையில் வியர்த்து நனைந்த கவசம் லேசில் காயாது. ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். புழுங்கலுக்கு நெல்லை ஊறப்போட்டுத் தண்ணீர் மாற்ற மறந்த மாதிரி ஒரு வாடை கூடம் முழுக்கச் சுற்றும். மூன்றாவது பரிட்சைக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசலில் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஏங்க, பாஸ் பண்ணிட்டா இந்த மூட்டைய சாமி ரூம்லகூட வச்சுக்கங்க. இல்லைன்னா இது திரும்பி வரக்கூடாது."

"இது இல்லாம நான் எப்படி பிராக்டிஸ் பண்றது?"

"அதத்தாங்க சொல்றேன்."

இப்போது கேலியாக எழுதினாலும், அன்றைக்கு எனக்கு அது விளையாட்டாக இல்லை. நான் கல்லூரியில் வணிகவியல் எடுப்பவன். கடைசி பெஞ்சில் சத்தம் போடுகிறவர்களிடம்கூட, "கொஞ்சம் மெதுவா பேசுங்கப்பா" என்று கெஞ்சுகிற ஆள். அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான் நான் அடிவயிற்றிலிருந்து கத்தியிருக்கிறேன். அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

மூன்றாவது பரிட்சையில் எனக்கு எதிரே வந்தது ஒரு பெண். முகமூடிக்குள் முகம் தெரியவில்லை. வணங்கினோம், வாளை நீட்டினோம், கத்தினோம். இரண்டு பேரும் பாய்ந்தோம். இந்த முறை என் கால் யார்மேலும் படவில்லை. அவள் கால் என் கால்மேல் பட்டது.

அவள் கை வாளை விட்டது. என் முழங்கையைத் தொட்டது. நேராக அவள் முகமூடிக்குப் போனது.

அடடா, நம்ம ஊர்ப் பொண்ணு!

சந்தோஷப்பட வேண்டிய நேரமா அது? அவள் தலை அடிக்கத் தோதாகத் திறந்து கிடந்தது. வீட்டு வாசலும் மூட்டையும் ஒரு கணம் கண்முன் வந்தன. அடித்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் அடித்த ஒரே சுத்தமான அடி அதுதான். சத்தம், கால், வாள் மூன்றும் ஒன்றாக விழுந்தன. ஓரத்திலிருந்து எங்கள் இளைஞர், "சார்!" என்று கத்தியது கேட்டது.

கெண்டோவில் அடியோடு வேலை முடியாது. அடித்த பிறகும் வாளை நீட்டியபடி எதிராளியை முறைத்துக்கொண்டே விழிப்பாக நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்தால்தான் அது அடி. அங்கேதான் எனக்கு மனசு அறுத்தது. கால் பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிற பொண்ணையாடா அடித்தாய், பாவி? என் வலது கை கிளம்பியது. அவள் தோளைத் தொட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மடார்!

அவள் என்னை அடித்துவிட்டு, வாளை நீட்டியபடி சிலை மாதிரி நின்றாள். அவள் தேறிவிட்டாள்.

முடிவு சொன்ன பிறகு ஓடி வந்தாள். "அண்ணா, நீங்க தமிழா?"

"கையப் பாத்துமா தெரியல?"

"நாகப்பட்டினம் பக்கம்ண்ணா. அப்பா படகு வச்சிருக்காங்க. நான் இங்க பெங்களூர்ல வேலை பாக்குறேன். நீங்க அடிச்சப்பதான் இது பரிட்சைன்னே எனக்கு ஞாபகம் வந்துச்சு. ரொம்ப தேங்க்ஸ்ண்ணா!"

வெந்த புண்ணில் தேங்க்ஸ். அவள் போட்டிருந்தது இரவல் கவசம் என்று தெரிந்ததும் என் மூட்டையை நீட்டினேன். "நீயே வச்சுக்கம்மா. எங்க வீட்டுல இதுக்கு இனிமே எடமில்ல."

ஜிப்பைக் கொஞ்சம் திறந்தாள். உடனே மூடினாள்.

"கோச்சுக்காதீங்கண்ணா. நான் கருவாட்டுக்கு நடுவுல வளந்தவதான். ஆனா இது முடியாதுண்ணா."

வீட்டுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"கண்ணுல ஒத்திக்கிட்டிருந்த பொண்ணையா அடிச்சீங்க?"

"பரிட்சை அது."

"பரிட்சைன்னா? மனுஷங்க செய்யற காரியமா? அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பாவது கேட்டீங்களா இல்லையா?"

"அதக் கேக்கப் போய்த்தானே தோத்தேன்!"

சிரிப்பை அடக்குகிறாள் என்று மூச்சு காட்டிக்கொடுத்தது.

"சரி, மூட்டைய எடுத்துக்கிட்டு வாங்க. மொட்டைமாடியில வச்சுக்கங்க. வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"மழை பெஞ்சா?"

"பெய்யட்டும். அப்பவாவது அந்த நாத்தம் போகுதான்னு பாப்போம்."