ஒயரைக் கழற்றிவிட்டு உட்காருகிறவள்

கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை விட்டு, நீல நிற இன்டர்நெட் ஒயரை உருவி ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அம்சவேணி வேலைக்கு உட்காருகிறாள். "வரையறதுக்கு நெட்டு எதுக்குபா? மெயில் பாக்கணும்னா சொருகிக்கலாம். வாசக்கதவைத் தொறந்து போட்டுக்கினு யாராவது சமையல்கட்டுல நிப்பாங்களா?"

பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டு முன்னறையில் தறி; கணவர் மயில்வாகனம் நெய்கிறார். பின்னறையில் கம்ப்யூட்டர்; அம்சவேணி பட்டுப்புடவைகளுக்குக் கரையும் முந்தியும் வரைகிறாள். திரையில் அவள் கட்டம் கட்டமாக நிரப்பும் மயிலும் யாளியும் அட்டையில் துளைகளாகி, தறியின் தலைக்குமேல் ஏறி, புடவையில் ஜரிகையாக இறங்கும். ஒரு கட்டம் தப்பினாலும் மயிலின் மூக்கு கோணிவிடும். வயது நாற்பத்தாறு. யோசிக்கும்போது கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக் காதைச் சொறிவாள். திரைக்கு மேலே இருக்கும் கேமராவின் கண்ணில் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. "எவன் பாக்கறான்னு யாரு கண்டா? பாத்தான்னா பொட்டைப் பாத்துட்டுப் போவட்டும்."

எட்டுத் தறி வைத்திருக்கும் தினகரன் டிசைன் வாங்கப் பென் டிரைவோடு வந்தால், அது நேராகப் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகாது. மூலையில் நெட் இல்லாத பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. வைரஸ் சோதனை முதலில் அங்கே.

"என் மேலயே சந்தேகமா அக்கா?"

"உன் மேல இல்லபா. இது எங்கெங்க போய்ட்டு வந்துச்சுன்னு இதுக்குத்தான தெரியும்."

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னால், யாரோ கொடுத்த பென் டிரைவைச் செருகிய மறுநாள் ஒரு டிசைன்கூடத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் அனுப்பு என்று திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவள் அனுப்பவில்லை. ஒரு நாள் அழுதாள்; மறுநாளிலிருந்து ஆறு மாத வேலையை மறுபடி முதலிலிருந்து வரைந்தாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, ஹார்டு டிஸ்க்கை எவர்சில்வர் தூக்கில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறாள்.

"சாமி நகைக்குக்கூட இவ்ளோ காவல் கிடையாது," என்பார் மயில்வாகனம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று அம்சவேணி தங்கை மகளின் வளைகாப்புக்குத் தாமலுக்குப் போயிருந்தாள். பந்தியில் உட்கார்ந்தபோது போன் வந்தது. "ஒண்ணும் இல்ல. நீ நிதானமா சாப்ட்டே வா," என்றார் கணவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒருநாளும் இப்படிப் போன் செய்து நிதானமாகச் சாப்பிடச் சொன்னதில்லை. பாயசத்தை விட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

வீட்டில் விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு மயில்வாகனம் தறியோரம் உட்கார்ந்திருந்தார். கையில் மெயின் போர்டிலிருந்து பிடுங்கிய பீஸ் கட்டை.

"கிரிக்கெட் பாக்கலாம்னு ஒயரைச் சொருகினேன்," என்று ஆரம்பித்தார். ஓசியில் மேட்ச் காட்டும் ஏதோ ஒரு பக்கத்தைத் தட்டியிருக்கிறார். திரை சிவந்து, சங்கு ஊதுகிற மாதிரி சத்தம் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று வந்திருக்கிறது. பேசினார். மரியாதையான குரல் ஒன்று, எதையோ ஏற்றச் சொல்லி, திரையில் வந்த ஒன்பது எண்களைப் படிக்கச் சொன்னது. படித்தார்.

"அப்புறம் திரையில அம்பு தானா நகர ஆரம்பிச்சிச்சுமா. நான் கையே வெக்கல. போன்ல பேசினவன் ஒவ்வொண்ணா தொறந்து பாத்துக்கினே போறான். உன் மயில் கரையைத் தொறந்துட்டான். அது என் பொண்டாட்டி போட்டதுபா, அத்தத் தொடாதன்னேன். சிரிச்சான். ஓடிப் போய் இத்தப் புடுங்கிட்டேன்."

அவர் கையைப் பார்த்தபோது அம்சவேணிக்குத் திட்ட வாய் வரவில்லை. பீஸ் கட்டையை அழுத்திப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் அச்சு பதிந்திருந்தது.

"புடுங்கினதுதான் சரி. குடுங்க இப்படி," என்றாள்.

முதலில் தன் செல்போனிலேயே மெயிலுக்கும் வங்கிக்கும் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு கம்ப்யூட்டரை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றினாள். தூக்கிலிருந்து வெள்ளிக்கிழமை நகல் இறங்கியது. சனிக்கிழமை வரைந்த முந்தி மட்டும் போயிற்று. அந்த முந்தியும் மயில் கரையும் தினகரன் கொண்டுவந்த கல்யாணப் புடவை ஆர்டர். டிசைன் முன்கூட்டியே வெளியே போய்விட்டால் அந்தப் புடவைக்கு மவுசு இல்லை. மூடி மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. போன் செய்தாள்.

"தினகரா, உன் மயில் கரையை எவனோ ஒருத்தன் தொறந்து பாத்துட்டான். எடுத்தானா இல்லியான்னு என்னால சொல்ல முடியாது. அத்த விட்டுட்டு வேற வரைஞ்சி தரட்டா?"

"அவனுக்கு அது மயிலா முருங்கக்காயானே தெரிஞ்சிருக்காதுக்கா. அதையே போடு. முந்தி எப்ப?"

"புதன்கிழமை."

மறுநாள் காலை அம்சவேணி கணவரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டாள். "இனிமே இதுல ஒங்களுக்குன்னு தனி வழி வெச்சிட்டேன். மேட்ச் பாருங்க, பாட்டுக் கேளுங்க. டிசைன் பக்கம் போவாது, புதுசா எதையும் ஏத்தவும் வுடாது. பாஸ்வேர்டு சொல்லுங்க, அடிக்கிறேன்."

மயில்வாகனம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மோவாயைத் தடவி வெகுநேரம் யோசித்தார். ஒற்றை விரலைத் தூக்கியவர், அப்படியே நிறுத்தி மனைவியைப் பார்த்தார்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கமா."

அம்சவேணி நாற்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.