ஐந்து நிமிடம் நான்கு விநாடி

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. தேதி, நேரம், ஃபைலின் நீளம் எல்லாவற்றையும் அன்றைக்கே டைரியில் எழுதி வைத்தேன். அந்த டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2003, ஜூன் 18, புதன்கிழமை. பட்டப்பகல். ஆமாம், ராத்திரி இல்லை.

என் பெயர் பவதாரிணி. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரை விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டு மேலேயே இருந்த ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை. திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். ஓனர் காளை அண்ணன் பெரும்பாலும் ஷூட்டிங்கில் இருப்பார். மாடியில் என் எடிட்டிங் ரூம். ஏசி குளிர் வெளியே போகக் கூடாதென்று இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் வெளியே வெயிலா மழையா தெரியாது.

காலை 10:20-க்கு சீதாராமன் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கீழவாசல் பக்கம் ஜவுளிக்கடை. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வெளியே நம்மைப் போலவே மதுரைத் தமிழ். மஞ்சள் பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தார். வைத்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எம் மூத்த மக ஹம்சவேணி கல்யாணம்மா. தொண்ணூத்திரெண்டுல எடுத்தது. அவ இப்ப மஸ்கட்ல இருக்கா. சிடியில போட்டு அனுப்புங்கப்பான்னு மூணு வருசமா உசுர எடுக்குறா."

கேசட்டைத் திறந்து பார்த்தேன். டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை.

"ஐயா, இது ஒரு தடவதான் ஓடும். அடுத்த தடவ சிக்குனா அம்புட்டுதான். கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நான் இதைப் பாத்ததே இல்லம்மா."

மகள் கல்யாணக் கேசட்டைப் பதினோரு வருஷமாகப் பார்க்காத அப்பா. எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. கேட்கவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார்.

டேப்பை ஓட்டி, அப்படியே சுருக்காமல் ஏவிஐ ஃபைலாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினேன். நாற்பத்தேழு நிமிடம். பத்து ஜிபி. முடிந்த மறுநிமிடம் பிளேயருக்குள்ளேயே டேப் அறுந்தது. நல்லவேளை, எல்லாம் ஏறிவிட்டது.

இனி எந்த பார்மட்டில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. எம்பெக்-1-இல் போட்டால் ஒரே விசிடியில் அடங்கும், எல்லா பிளேயரிலும் ஓடும். ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகக் கலங்கும். எம்பெக்-2 தெளிவாக இருக்கும். டிவிடி பிளேயர் வேண்டும். எம்பெக்-4 என்றால் சின்ன ஃபைல், நல்ல படம், ஆனால் கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடியும். காளை அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் திருவாதவூரில் ஒரு காதுகுத்து ஷூட்டிங்கில் இருந்தார்.

"ஒரு அஞ்சு நிமிசத்த வெட்டி மூணுலயும் போட்டுப் பாரு தாயி. கூட்டமா இருக்குற எடமா எடு. எதுல மூஞ்சி நல்லா தெரியுதோ அதக் குடு."

கூட்டம் என்றால் பந்திதான். படத்தின் மூலையில் கேமரா பதித்த நேரம் 12:31 என்று ஓடியது. அங்கிருந்து சரியாக ஐந்து நிமிடம் வெட்டினேன். நீளமான பந்தி, இரண்டு பக்கமும் ஆட்கள். கேமரா மெதுவாக நகர்ந்து கடைசி இலையில் போய் நின்றது. அந்த இலையில் எல்லாம் பரிமாறியிருந்தது. ஆள் மட்டும் இல்லை.

முதலில் எம்பெக்-1. முடிந்தபோது மணி 1:52. ஓட்டிப் பார்த்தேன். எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது. சாம்பாரும் பொரியலும் ஒன்றாகக் குழம்பி, முகங்கள் எல்லாம் மாவு அப்பியது போல. கேமரா கடைசி இலைக்குப் போனது.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பச்சைப் பட்டுப்புடவை. நாற்பது வயது இருக்கலாம். சாப்பிடவில்லை. கை மடியில் இருந்தது. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மூக்கும் வாயும்கூட சரியாகத் தெரியவில்லை. அவள் நெற்றிப் பொட்டு வரை தெளிவாகத் தெரிந்தது.

ஏவிஐ-யைத் திறந்தேன். அதே இடம். அதே விநாடி. இலை மட்டும்தான்.

இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். சுருக்குகிற பார்மட் எதுவும் படத்தில் இருப்பதைத் தூக்கி எறியும். இல்லாததைக் கொண்டு வராது. வரவே வராது.

ஃபைல் மாறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். 2:10. அதே பெண். அதே பார்வை.

சரி, எம்பெக்-2 போடுவோம். பச்சைக் கோடு கம்ப்யூட்டர் திரையில் ஊர்ந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. 2:31-க்கு முடிந்தது.

இப்போது அவள் எழுந்து நின்றிருந்தாள்.

இலையை விட்டு இரண்டடி முன்னால். பரிமாறுகிறவர் வாளியோடு அவளைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவையின் இடது பக்கம் நனைந்து கறுத்திருந்தது. முன்பு உட்கார்ந்திருந்ததால் அது தெரியவில்லை போல...

கீழே போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் கை எம்பெக்-4-ஐ அழுத்திவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

2:48. முடிந்தது.

ஃபைலின் நீளத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் நான்கு விநாடி.

நான் வெட்டியது ஐந்து நிமிடம். மற்ற இரண்டு ஃபைலும் ஐந்து நிமிடம்.

ஓட்டினேன். அவள் எங்கேயும் இல்லை. கடைசி இலை காலி. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

ஐந்தாவது நிமிடம் முடிந்தது. படம் கறுத்தது. அந்த நான்கு விநாடி...

ஹெட்போனில் பந்திச் சத்தம் நின்றுபோனது.

யாரோ மூச்சு விட்டார்கள். சளி கட்டியதுபோல... கர்... கர்...

பிறகு ஒரு பெண் குரல். என் வலது காதுக்குப் பக்கத்தில். நாலைந்து வார்த்தை. தமிழ் இல்லை. ஏதோ கேள்வி கேட்கிற தொனி.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

கதவு திறக்கவில்லை... இழுத்தேன்... தள்ளுகிற கதவு என்பது பிறகுதான் நினைவு வந்தது.

சாயங்காலம் நான்கரைக்கு சீதாராமன் வரும்வரை கீழே ஸ்டுடியோ வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவரிடம் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. மாடிக்குக் கூட்டிப்போய் மூன்றையும் போட்டுக் காட்டினேன். பச்சைப் புடவையைப் பார்த்ததும் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். குரலைக் கேட்டதும் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எதுல இவ இல்ல?" என்று கேட்டார்.

"மொதல்ல ஏத்துன ஏவிஐ-ல இல்லங்கய்யா."

"அதையே குடு."

"அது பெருசுங்கய்யா. துண்டு துண்டா வெட்டி பதினஞ்சு சிடியில ஏத்தணும். எந்த பிளேயர்லயும் ஓடாது. மஸ்கட்ல அக்காவுக்குப் பாக்கவே வராது."

"ஓடாட்டிப் போகுது. அதுலயே குடும்மா. மத்ததெல்லாம் அழிச்சிரு."

மறுநாள் பதினைந்து சிடியையும் வாங்கிக்கொண்டு போனார். யாரென்று நான் கேட்டதற்கு, "எந்தங்கச்சி சீதாலட்சுமி" என்று மட்டும் சொன்னார். மற்றவற்றை அழிக்கச் சொன்னார் அல்லவா? முதல் இரண்டையும் அழித்தேன். மூன்றாவதைத் தொடவே பயமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 5. காலை பதினொரு மணி. ஒரு கல்லூரிப் பெண் அந்தச் சிடிகளோடு வந்தாள். சீதாராமனின் இளைய மகள் காவ்யஸ்ரீ.

"அக்கா, எதுலயுமே ஓட மாட்டேங்குது. ஏன் இப்படிப் போட்டீங்க? அப்பாட்ட கேட்டா அழுறாரு. ஒரு மாசத்துக்கு மேல மத்தியானம் ஒரு வாய் சோறு எறங்கல அவருக்கு."

நடந்ததைச் சொன்னேன். நம்பாமல் சிரித்தாள். மூன்றாவது ஃபைலின் கடைசி நான்கு விநாடியைப் போட்டேன். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"எங்க பாஷைக்கா இது..."

"என்ன சொல்றாங்க?"

"அண்ணே, பந்தி முடிஞ்சிருச்சான்னு கேக்குறாங்க."

கொண்டுவந்த சிடிகளை மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு சொன்னாள். கல்யாணத்தன்று காலையில் பரமக்குடியிலிருந்து வந்த வேன் வழியில் கவிழ்ந்தது. அதில்தான் அத்தை வந்தார். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டதாகத்தான் வீட்டில் எல்லோரும் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்கள். அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். போன வாரம்தான் உண்மையைச் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மண்டபத்துக்கு ஆள் வந்திருக்கிறது. தங்கை உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே வாருங்கள் என்று. மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று எழுந்து போய்விடுவார்களோ என்று அப்பாவுக்குப் பயம். வந்தவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "பந்தி முடியட்டும், வாரேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அப்பா போறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா."

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. உயிர் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டேன்.

"ரெண்டேகால்."

அப்படியென்றால் பந்தியில் அந்தக் கேமரா ஓடிக்கொண்டிருந்த 12:31-க்கு, மண்டபத்திலிருந்து வெகுதூரத்தில், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவர் உயிரோடுதான் இருந்தார்.