அம்மனோடு மல்லுக்கு நின்று வாங்கிய கால்கள்

பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சண்டைக் காலம். மலைமேல் எங்கள் எடப்புளி நாட்டில் மிளகு பறிக்கிற மாசி மாதம். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தேன். சில நாளில் பாதம் மரத்தது. அடுத்து முழங்கால் மடங்கி விழுந்தேன். பிறகு கஞ்சிக் கிண்ணத்தைக்கூடக் கை தூக்கவில்லை. என் இரண்டு வயது மகள் அழுதாள். எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"சாமி குத்தம். இவளை அவ அம்மா ஊட்டுல உட்டுட்டு வேற பொண்ணு பாருடா" என்று என் காதுபடவே மகனிடம் சொன்னார் மாமியார்.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்காமல், என்னை ஆஸ்பத்திரிக்குச் சுமந்துபோகக் கம்பில் தூளி கட்டினார். போகிற வழியில் காளியம்மன் கோயில் முன்னால் இறக்கச் சொன்னேன்.

"நான் ஒரு குத்தமும் செய்யல தாயி. சாவு கேக்க மாட்டேன். என் காலைக் குடு. குடுக்கற வரைக்கும் உன்னை உடமாட்டேன்."

மலை இறங்கி, அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் வண்டி பிடித்து, கீழே டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். அது துள்ளவில்லை.

"நரம்பைச் சுத்தி வெள்ளையா ஒரு கொழுப்பு உறை இருக்கும்மா. அது இருந்தாத்தான் மூளை சொல்றது காலுக்கு வேகமாப் போகும். உனக்கு அந்த உறை அங்கங்க கெட்டுப்போச்சு. சேதி வழியிலேயே நின்னுடுது. உள்ளே இருக்கிற இழை தப்பிச்சிருந்தா, உறை திரும்ப வளரும். அதை வளர்க்க எங்ககிட்ட மருந்து இல்லை."

எதைக் கேட்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த உறையைக் கேட்டேன். தினமும் காலையில் அம்மனிடம் கேட்பேன். பிறகு பெருவிரலை அசையச் சொல்வேன். அசையாது. மறுபடியும் சொல்வேன்.

ஊரில் மாமியார் பெண் பார்த்துவிட்டதாகச் சேதி வந்தது. "கட்டிக்கங்க மாமா. நான் நடந்து வந்து பந்தியில உக்காந்து சாப்புடறேன்" என்றேன்.

"நான் எவளையும் பாக்கல புள்ள. நீ நட" என்றார் அவர்.

வைகாசியில் பெருவிரல் ஒரு நெல் அகலம் அசைந்தது. நான் அழுதேன். ஐப்பசியில் கோலூன்றி, உட்கார்ந்து உட்கார்ந்து, என் காலாலேயே மலை ஏறினேன்.

மாமியார் என் பாதங்களையே பார்த்தார். "உள்ளே வா கண்ணு" என்றார்.

"வாரேனுங்க அத்தை. இனி எவளையும் சாமி குத்தம்னு சொல்லாதீங்க" என்றேன். அதுவரை அவர் முன் நான் குரல் உயர்த்தியதில்லை.

தானாகச் சரியானது என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த உறையை வளர்த்தவள் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஒருத்தி விழுந்தால் குற்றம் தேடாதீர்கள். வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அம்மனிடம் கெஞ்ச வேண்டாம், பெற்றவளிடம் கேட்பதுபோல் அதட்டியே கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். என்னை அவள் கோபித்துக்கொள்ளவில்லை.