மூன்றாவது டிஸ்க்

போன ஞாயிறு மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் ஒரு தப்பு செய்தேன். நேரத்தில் சந்தேகம் வேண்டாம். டைரியில் குறித்திருக்கிறேன்.

ஞாயிறு மதியம் என் வீட்டில் விசிடி போடுவது வழக்கம். மராத்தி பேசும் இந்தக் கட்கியில் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது இரண்டு பேர் வருவார்கள். அன்று வந்தது மாடி வீட்டு செல்வராஜ், அவர் மனைவி ராணி, மகள் ஷாலினி.

முந்தின நாளே ராணி சொல்லி வைத்திருந்தார். "நல்ல காதல் படமாப் போடுங்க சார். இவரு மனசு கொஞ்சம் எளகட்டும்."

விஷயம் இதுதான். ஷாலினியோடு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன் அவளைக் கட்டிக்கொள்ள விரும்புகிறான். அவளுக்கும் விருப்பம். ஆனால் பையனின் அப்பா மில் முதலாளி. பெண் கேட்டு வருகிறேன் என்று அவர் மூன்று முறை போன் செய்துவிட்டார். செல்வராஜ் பிடி கொடுக்கவில்லை.

"நம்ம வூட்டுல கீறது ரெண்டே குர்சி சார். அதுல ஒண்ணு ஒடஞ்சது. அந்தாளு வந்தா நான் எங்க நிக்கறது?"

மூன்று தலைமுறையாகத் தொழிற்சாலை வேலை, மூன்று தலைமுறையாக இதே கட்கி. நாற்காலியை குர்சி என்றுதான் அவருக்குச் சொல்ல வரும்.

நான் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தேன். மேடை நாடகமாக வந்து பிறகு படமானது. இரண்டையும் சென்னையில் பார்த்தவன் நான். நாடகம் பார்த்தது வெள்ளிக்கிழமை, நான்காவது வரிசை. அதுவும் டைரியில் இருக்கிறது.

மூன்று டிஸ்க். முதல் டிஸ்க்கில் ஒரு குமாஸ்தாப் பையனும் போஸ்ட் மாஸ்டர் மகளும் குடையை மாற்றி எடுத்துப் போய், சண்டை போட்டு, காதலிக்கிறார்கள். செல்வராஜ்கூட நாலு இடத்தில் சிரித்தார். முடிந்ததும் அடுத்ததைப் போட்டுவிட்டு டீ போடப் போனேன். சனிக்கிழமை துடைத்து வைத்தபோது உறைகளை மாற்றிப் போட்டிருக்கிறேன்... கண்ணாடி இல்லாமல்.

டீயோடு திரும்பினால், ஓடிக்கொண்டிருந்தது மூன்றாவது டிஸ்க். அதுவும் அந்தக் காட்சி.

மழை. பையனின் அப்பா நனைந்த வேட்டியோடு போஸ்ட் மாஸ்டர் வீட்டு வாசற்படி தாண்டி நிற்கிறார். வீட்டில் ஒரே நாற்காலி. அதில் போஸ்ட் மாஸ்டர். எழுந்திருக்கவில்லை.

நாடகத்தில் இந்த இடத்தில் ஐந்து நிமிட வசனம் உண்டு. கைதட்டல் அடங்க இன்னொரு நிமிடம். படத்தில்? ஒரு சொல் இல்லை. வேட்டியிலிருந்து நீர் சொட்டுகிறது. போஸ்ட் மாஸ்டர் மெல்ல எழுந்து, நாற்காலியைக் காட்டாமல், தரையில் உட்காருகிறார். வந்தவரும் பக்கத்தில் உட்காருகிறார். நாற்காலி காலியாகவே இருக்கிறது.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புதான். சபையே தட்டித் தட்டிக் கை சிவந்த வசனத்தைப் படம் எடுத்தவர் மொத்தமாக வெட்டி எறிந்திருக்கிறாரே... எவ்வளவு தைரியம் வேண்டும்?

தப்பு உறைத்து, ரிமோட்டை எடுத்தேன்.

"இருங்க சார், நிறுத்தாதீங்க," என்றார் செல்வராஜ். கண் கலங்கியிருந்தது. "பாவம் சார், புள்ளைக்காக ஈரத்தோட வந்து நிக்கறாரு. குர்சிய வுட்டு எழுந்துக்க இந்தாளுக்கு எவ்ளோ நேரம் பாரு. இன்னா திமிரு."

"ஏழைன்னா எளக்காரம்தான்," என்றார் ராணி.

படம் முடியும் வரை ஓடவிட்டேன். அதன் பிறகுதான் இரண்டாவது டிஸ்க். அதில்தானே குட்டு உடைகிறது. பையன் குமாஸ்தாவே இல்லை. பெரிய மில் ஒன்றின் வாசலில் நீளமான கார் வந்து நிற்க, டிரைவர் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறார். இறங்குகிறவர்... அதே மனிதர்.

ஷாலினி டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராணிதான் ஆரம்பித்தார். "யாருக்குப் பாவம் பார்த்தீங்கன்னு பாத்துக்கோங்க. மில் மொதலாளிக்கு."

செல்வராஜ் கடைசி வரை பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அன்று இரவு யோசித்தேன். பையன் யார் என்பதை இரண்டாவது அங்கம் வரை ஒளித்து வைத்தது நாடகம் எழுதியவரின் கெட்டிக்காரத்தனம். கடைசி டிஸ்க்கில் அதைத் திரும்பச் சொல்ல ஒரு வரிகூட வைக்காதது படம் எடுத்தவரின் கெட்டிக்காரத்தனம். கார் கண்ணில் படும்முன் அந்த மனிதரைப் பார்த்துவிட்டார் செல்வராஜ். அதை நிகழ்த்தியது யார்? நான் போடாத கண்ணாடி.

புதன்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போகும் வழியில் செல்வராஜ் கதவைத் தட்டினார்.

"பையனோட அப்பாவ ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன் சார். அவரையும் அந்தப் படத்துக்கு இட்டாறேன்."

"ஏன்? மில் முதலாளி கதை அவருக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"அவரும் பாக்கட்டும். ஆனா அன்னிக்குப் போட்ட மாதிரியே போடுங்க. ஒண்ணு, மூணு, ரெண்டு."

சைக்கிளில் ஏறியவர், காலை ஊன்றித் திரும்பினார். "குர்சி போடாதீங்க சார். பாய் போதும்."

எல்லாவற்றுக்கும் தேதியும் வரிசை எண்ணும் போட்டு வைக்கிற நான், டிஸ்க் உறைகளை எடுத்து, முதல் முறையாகத் தெரிந்தே தப்பான எண் எழுதினேன்—கண்ணாடி போட்டுக்கொண்டு.