அம்பத்தூர் எண்ணும் ஆவடிக் கலைவாணியும்

கலைவாணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் உண்மையாகவே எழுதுகிறேன். சரிபார்க்காத புகழ்ச்சி அவளுக்கு அறவே பிடிக்காது.

திங்கட்கிழமை இறைவணக்கம் முடிந்ததும் கணக்கு மிஸ் எங்கள் வகுப்புக்கு வந்தார். "நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில கலைவாணி தவறிட்டாம்மா" என்றார். யாரும் அவள் இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளை அறிந்த உங்களுக்குக் கணிதக் கண்காட்சி நினைவிருக்கும். எங்கள் குழு, பள்ளி இருக்கும் அம்பத்தூரின் பின்கோடான 600053-ஐ எடுத்தது. குழுவில் கலைவாணி மட்டும் ஆவடியிலிருந்து ரயிலில் வருபவள். அவள் ஊர் எண் 600054. அம்பத்தூர்க்காரி திவ்யா சும்மா இருப்பாளா?

"இன்னாடி, உங்க நம்பரு ரெண்டாலயும் போவுது, மூணாலயும் போவுது. எங்குளுது எதாலயும் போவாது!"

"போவாதுன்னு யாருடி பாத்தது?"

வகுப்புச் சுவரில் இருக்கும் பகா எண் பட்டியல் நூறோடு முடிகிறது. நாங்களும் 97 வரை வகுத்துவிட்டு நிறுத்தியிருந்தோம். 67-ஆல் வகுத்தபோது மீதி ஒன்றே ஒன்று. தப்பித்தோம் என்று கைதட்டினோம். பிறகு கண்காட்சி அட்டையில் 'பகா எண்' என்று பெரிதாக எழுதிவிட்டோம்.

அந்தச் சொல்லின் மேல் கலைவாணி ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். "வர்க்கமூலம் 774 சொச்சம் வருது. 773 வரிக்கும் பாத்தாதான் சொல்லலாம்."

"நாளைக்கு ஜட்ஜ் வர்றாங்கடி! உனுக்குப் பொறாம."

"ஆமா, பொறாமதான். அதான் நல்லா தேடுவேன்."

மறுநாள் நடுவர் எங்கள் மேசைக்கு வந்தபோதும் அவள் வகுத்துக்கொண்டிருந்தாள். தாளுக்கு அடியில் என்ன என்று அவர் கேட்டார்.

"ஒரு நிமிஷம் சார், இன்னும் ரெண்டுதான் பாக்கி" என்றாள் கலைவாணி. 769-க்கு மீதி 233. 773-க்கு மீதி 205. எழுந்து தாளை அவளே உரித்தாள். "எங்க ஊரு நம்பரு இல்ல சார். ஆனா கெட்டியான நம்பரு!"

பரிசு எங்களுக்கு வரவில்லை. ஆனாலும் அன்று எங்களைப்போல் நிமிர்ந்து நடந்தவர்கள் யாருமில்லை.

அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது என் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "697, 338. ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டு. நாலால வகுத்தா மீதி ஒண்ணு வர்ற பகா எண்ண இப்படி ஒரே ஒரு விதமாத்தான் எழுத முடியும். பொறாமக்காரி கண்டுபுடிச்சான்னு திவ்யாகிட்ட சொல்லு."

நேற்று கணித அறையில் அந்த அட்டையை மறுபடி மாட்டினோம். செய்தியைப் படித்த திவ்யா உடனே அட்டையில் எழுதிவிடவில்லை. கரும்பலகையில் 485809 வந்தது, 114244 வந்தது. கூட்டினாள்: 600053. இன்னொரு முறை கூட்டினாள். பிறகுதான் அட்டையில் அந்த இரண்டு எண்களையும் எழுதி, கீழே 'சரிபார்த்தவர்: கலைவாணி, ஆவடி' என்று சேர்த்தாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வெள்ளைத் தாள். ஓரத்தில் பசை இன்னும் காயாததுபோல் ஒட்டுகிறது. தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கை நீளும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பேன்.

நேற்று நாங்கள் கிளம்பும்போது, அட்டை நேராக இருக்கிறதா என்று மிஸ் ஒருமுறை பார்த்தார். விளக்குகளை அணைத்தார்.